ரத்தத்தில் கோளாறு என்றார்களா? கோலாலம்பூரில் முதல் சில மாதங்களுக்கான வழிகாட்டி

தம்பிக்கு முதலில் களைப்பு, பிறகு பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் அணுவான பிளேட்லெட் 14 என்று வந்தது. கோலாலம்பூரில் பிளேட்லெட் குறைந்தது என்றாலே எல்லாருக்கும் டிங்கிதான் நினைவுக்கு வரும். அன்று மாலைக்குள் மூன்று வீடுகளிலிருந்து பப்பாளி இலைச் சாறு வந்து சேர்ந்தது. டிங்கியில் இறங்கும் பிளேட்லெட் சில நாட்களில் தானாகவே ஏறிவிடும். இவனுக்கு ஏறவில்லை. சிவப்பணு, வெள்ளையணு இரண்டும் சேர்ந்தே இறங்கின. பிறகுதான் ‘அப்லாஸ்டிக் அனீமியா’ என்ற பெயரைக் கேட்டோம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதை ஏறக்குறைய கைவிட்டுவிடும் நோய் அது.

நான் மருத்துவர் அல்ல, தம்பியின் ரிப்போர்ட்டுகளை ஆறு ஆண்டுகளாகச் சுமந்து திரியும் அக்கா. முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் பிற்பாடு நினைத்தவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

1. பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்

“ரத்தத்தில் பிரச்சினை” என்பதை வைத்துக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். இந்த ஒரே துறைக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல நோய்கள் இருக்கின்றன. லுகேமியா, லிம்போமா, மயலோமா ஆகியவை புற்றுநோய்கள். தலசீமியா பிறவியிலேயே வருவது. அப்லாஸ்டிக் அனீமியாவில் பெரும்பாலும் உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே மஜ்ஜையைத் தாக்குகிறது. ஐடிபி என்ற நோயில் பிளேட்லெட் மட்டும் அழிகிறது. ‘ரத்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் “ரத்தப் புற்றுநோயாம்” என்று உறவுக்காரர்கள் செய்தி பரப்புவதற்குள் சரியான பெயரை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மருத்துவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இது புற்றுநோயா, மூன்று அணுக்களில் எது குறைகிறது, சிகிச்சையை இந்த வாரமே தொடங்க வேண்டுமா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

2. நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள்

இது சின்ன வேலையாகத் தெரியும். எங்களைப் பொறுத்தவரை இதற்கு அடுத்துத்தான் மற்றதெல்லாம். பக்கத்தை ஐந்து பத்தியாகப் பிரித்துத் தேதி, ஹீமோகுளோபின், வெள்ளையணு, அதற்குள் நியூட்ரோஃபில், பிளேட்லெட் என்று எழுதுங்கள். அன்று ஏற்றிய ரத்தம், மாற்றிய மருந்து ஆகியவற்றை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது எங்கள் இரண்டு மாத ரிப்போர்ட் எங்கேயோ தங்கிவிட்டது. புதிய மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் அன்று மருந்து எழுதினார்.

எண்களைப் படிப்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தம்பி மனைவி திருச்சிக்காரி. இங்கே ரிப்போர்ட்டில் 14 என்று இருப்பதை அப்படியே அவள் தன் அப்பாவிடம் தொலைபேசியில் சொல்ல, “ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பதினான்கா?” என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மலேசிய ரிப்போர்ட்டில் பிளேட்லெட் ஆயிரத்தில் எழுதப்படுகிறது. 14 என்றால் 14,000. நலமாக இருப்பவருக்கு 150 முதல் 400 வரை, அதாவது ஊர்க்கணக்கில் ஒன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம் வரை இருக்கும். நியூட்ரோஃபில் 0.5 என்றால் 500. அதற்குக் கீழே போனால் கிருமியை எதிர்க்க ஆளில்லை என்று பொருள். ஹீமோகுளோபினைச் சில ஆய்வகங்கள் 8.2 என்றும் சில 82 என்றும் எழுதும். இரண்டும் ஒன்றுதான், அலகு மட்டுமே வேறு.

அதே திருச்சிக்காரி முதல் நாள் வார்டில் தாதி “பிளேட்லெட் ரெண்டா” என்றதும் “எது ரெண்டு?” என்று பதறிப்போனாள். மலாயில் ‘ரெண்டா’ என்றால் குறைவு. ஊருக்குப் புதியவர் யாராவது நோயாளிக்குத் துணையாக இருக்கப் போகிறார் என்றால் சில மலாய்ச் சொற்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: டாரா என்றால் ரத்தம், சும்சும் துலாங் என்றால் எலும்பு மஜ்ஜை, டெமாம் என்றால் காய்ச்சல், தெமு ஜஞ்சி என்றால் சந்திப்பு நேரம், சூராட் ருஜுக்கான் என்றால் மேல் சிகிச்சைக்கான பரிந்துரைக் கடிதம்.

3. எந்த மருத்துவமனை, எந்த வாசல்

அரசு மருத்துவமனையின் ரத்தநோய் நிபுணரிடம் நேராகப் போய் நிற்க முடியாது. அரசு சுகாதார கிளினிக்கோ தனியார் கிளினிக்கோ பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். ரிப்போர்ட்டில் மூன்று அணுக்களும் குறைந்திருந்தாலோ, ரத்தக் கசிவு இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ கடிதத்துக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ரத்தநோய்க்கான தேசிய மையம் அம்பாங் மருத்துவமனை. சிலாங்கூர் எல்லைக்குள் இருந்தாலும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு அதுதான் கைக்கெட்டும் தூரம். பெரியவர்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு மற்ற மாநிலங்களிலிருந்தும் அங்கே அனுப்புகிறார்கள். குழந்தைகளை ஜாலான் பகாங் பெரியாஸ்பத்திரி வளாகத்திலுள்ள துங்கு அசிசா மருத்துவமனை பார்க்கிறது. பந்தாய் பக்கத்திலிருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இந்தத் துறை உண்டு. நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987-இல் அங்கேதான் நடந்தது. பினாங்கு உறவினர்கள் கேட்டால், ஜார்ஜ்டவுன் ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்குப் பொது மருத்துவமனையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. வார்டில் சேர்க்க முன்பணமும் கேட்பார்கள். வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள் முதல் நாளே முதலாளியிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் பேசிவிட வேண்டும். தனியாரில் தொடங்கி, பணம் தீர்ந்த பிறகு அரசுக்கு மாறும் குடும்பங்களை வார்டில் நிறையவே பார்த்திருக்கிறேன். மாறுவதாக இருந்தால் கையில் பணம் இருக்கும்போதே மாறுங்கள் என்பது என் கருத்து.

கிளினிக் நாளில் காலையிலேயே போய் வரிசை எண் எடுத்து, முதலில் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகுதான் மருத்துவர் கூப்பிடுவார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கவனியுங்கள்: அதன் அளவைப் பார்க்கும் நாளில் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள். தம்பி இரண்டு முறை வீட்டிலேயே விழுங்கிவிட்டு வந்து, அளவு தாறுமாறாகக் காட்டி, மறுவாரம் மறுபடியும் அலைந்தான்.

மாதா மாதம் மருந்துக்காக மட்டும் அம்பாங் வரை போக வேண்டியதில்லை. மருந்தகத்தில் ‘ஸ்பப்’ என்று கேளுங்கள். பல மருந்துகளை வீட்டுக்குப் பக்கத்து அரசு கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ள அதில் பதிவு செய்து தருவார்கள்.

4. மஜ்ஜைப் பரிசோதனை

“முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்” என்று யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்வார். ஊசி முதுகுத்தண்டுக்குப் போவதே இல்லை. இடுப்பின் பின்புறம், கைவைத்தால் தட்டுப்படும் எலும்பில்தான் எடுக்கிறார்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். சில்லென்று மருந்து தடவி, மரத்துப்போக ஊசி போடுவார்கள். அது எறும்பு கடித்தது போலச் சுறுக்கென்றிருக்கும். பிறகு அழுத்தம் மட்டுமே தெரியும். மஜ்ஜையை உறிஞ்சும் அந்தச் சில நொடிகள் மட்டும் மரப்பு மருந்துக்குக் கட்டுப்படாது. தொடை வரை யாரோ நூல் பிடித்து இழுப்பது போல இருந்தது என்றான் தம்பி. அந்த நேரத்தில் மூச்சை அடக்காமல் விடச் சொல்லுங்கள். அதன்பின் சிறு எலும்புத் துணுக்கு ஒன்றும் எடுப்பார்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டின் மேல் பாரம் விழும்படி மல்லாந்து கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும், ஒரு நாள் அந்த இடம் நனையக்கூடாது.

முதற்கட்ட முடிவு சில நாட்களில் வரும், குரோமோசோம் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். “இன்னும் முழு ரிப்போர்ட் வரவில்லை” என்று அவர்கள் சொன்னால் அலட்சியம் என்று கோபப்பட வேண்டாம்.

5. காய்ச்சல் 38 ஆனால் அப்போதே கிளம்புங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நியூட்ரோஃபில் குறைவாக இருப்பவருக்கும் கீமோதெரபி எடுப்பவருக்கும் காய்ச்சல் 38 டிகிரி ஆகிவிட்டால் அது அவசர நிலை. விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஒரு பனடோல் போட்டுப் பார்க்கலாம் என்பதும் கூடாது. பனடோல் சூட்டைத்தான் இறக்கும், ரத்தத்தில் ஏறிய கிருமி ஏறியபடியே இருக்கும். மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது கணக்கு.

அவசரப் பிரிவு முகப்பில் “காய்ச்சல்” என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காய்ச்சல்காரர்களோடு உட்கார வைத்துவிடுவார்கள். எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. ஓர் இரவு முழுக்க, இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த முறை போனபோது, “பெசாக்கிட் ஹெமத்தோலோஜி, செல் டாரா பூத்தே ரெண்டா, டெமாம்” என்று சொல்லி நோட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினேன். ரத்தநோய் நோயாளி, வெள்ளையணு குறைவு, காய்ச்சல் என்பது அதன் பொருள். பத்து நிமிடத்தில் தனிப் படுக்கை கிடைத்தது. இந்த வாக்கியத்தை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்யுங்கள்.

கதவருகே எப்போதும் ஒரு பை தயாராக இருக்கட்டும்: அடையாள அட்டையின் நகல், நோட்டு, வெப்பமானி, மருந்துப் பட்டியல், போர்வை, தொலைபேசி சார்ஜர். வலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பிளேட்லெட் குறைந்தவருக்கு அவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

6. ரத்தம் ஏற்றுவது

இரண்டு தாதியர் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நீங்களும் கூடவே பாருங்கள், தவறில்லை. முதல் கால் மணி நேரம் நோயாளியின் பக்கத்திலேயே இருங்கள். குளிர் நடுக்கம், அரிப்பு, மூச்சிரைப்பு எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.

முதல் முறை ரத்தம் வேண்டும் என்றதும் சித்தப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். “என் ரத்தத்தை என் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாதா?” என்று தாதியிடம் வாக்குவாதம் வேறு. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வரக்கூடும் என்று கருதப்படும் நோயாளிக்கு நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தை ஏற்றக்கூடாது. உடல் முன்கூட்டியே அவர்களுடைய அணுக்களை எதிரியாகப் பழகிக்கொண்டால் பின்னால் அதே உறவின் மஜ்ஜையைத் தள்ளிவிடலாம். சித்தப்பா மறுவாரம் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய ரத்த வங்கிக்குப் போய்ப் பொதுவில் கொடுத்தார். 18 வயது முதல் 60 வரை, 45 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் கொடுக்கலாம். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் பெருநாள் விடுமுறைகளில் கையிருப்பு இறங்கிவிடும். கொடுக்க நினைப்பவர்களை அந்தச் சமயம் பார்த்து அனுப்புங்கள்.

ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. உடல் ஒரு நாளைக்கு வெளியேற்றுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். தலசீமியாக்காரர்களுக்கும் அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்களுக்கும் இந்த இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடும். அதை இறக்கத் தனி மருந்து இருக்கிறது. ‘ரத்தசோகைதானே’ என்று பேரீச்சம்பழச் சாறும் இரும்புச் சத்து மாத்திரையும் வாங்கி வரும் அன்பர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

7. சாப்பாடும் கோயிலும்

வெள்ளையணு குறைந்திருக்கும் காலத்தில் நன்றாக வெந்ததை, சூடாக, வீட்டில் சமைத்ததாகக் கொடுங்கள். காப்பிக்கடையின் அரைவேக்காட்டு முட்டை, பச்சையாகத் தின்னும் உலாம் கீரை, சாலையோரம் வெட்டி வைத்த பழம், நெடுநேரம் வைத்திருந்த சம்பால், சட்னி எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் பம்பளிமாஸைத் தொடவேண்டாம். ஈப்போ போய் வரும் உறவினர்கள் தம்புன் பம்பளிமாஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நாட்டு மருந்து, மூலிகைச் சாறு எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம்.

தம்பி குணமானால் பத்துமலையில் மொட்டை என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். தைப்பூசம் வந்தபோது பிளேட்லெட் 20. சவரக்கத்தி பட்டால் ரத்தம் நிற்காது, கூட்டத்தில் கிருமி வேறு. அலகு குத்துவது பற்றிப் பேச்சே வேண்டாம். அம்மா ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மேடையில் வைத்துவிட்டு, “முருகன் கொஞ்சம் பொறுத்துக்கொள்வான்” என்றார். மருத்துவர் சொன்னால் கேட்காதவர்களும் இப்படி ஒரு வழி காட்டினால் ஒப்புக்கொள்கிறார்கள்.

8. மாற்று மஜ்ஜை தேவை என்றால்

எல்லாருக்கும் இது தேவைப்படாது. தம்பிக்கு ஏடிஜி என்ற மருந்தும் சைக்ளோஸ்போரினும் கொடுத்தார்கள். ஏடிஜி குதிரையின் ரத்தத்திலிருந்தோ முயலின் ரத்தத்திலிருந்தோ எடுப்பது. அதன் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். அந்த மாதங்களில் ரிப்போர்ட்டில் எதுவும் அசையாது, மனம் உடையும்.

மாற்றுச் சிகிச்சை வேண்டும் என்றால் முதலில் உடன்பிறந்தவர்களைப் பரிசோதிப்பார்கள். பொருந்துவது ரத்தப் பிரிவு அல்ல, ஹெச்எல்ஏ என்ற திசு வகை. ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் சுற்றத்துக்குள்ளும் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குடும்ப மரத்தை மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரோ பிள்ளையோ தருவதும் இப்போது நடக்கிறது.

குடும்பத்தில் யாரும் பொருந்தாவிட்டால் பதிவகங்களில் தேடுவார்கள். திசு வகை பெரும்பாலும் வம்சாவளியோடு போகும் என்பதால் நமக்குப் பொருத்தம் தமிழர்களிடமோ இந்திய வம்சாவளியினரிடமோதான் கிடைக்க வாய்ப்பு அதிகம். மலேசிய ஸ்டெம்செல் பதிவகம் ஒருபுறம், 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற இந்தியப் பதிவகங்கள் மறுபுறம். தேடச் சொல்லி விண்ணப்பிப்பது உங்கள் மருத்துவமனையின் வேலை. உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, ஆரோக்கியமான இளைஞர்களைப் பதிவு செய்ய வைப்பது. பெரும்பாலும் ரத்த தானம் போலக் கை நரம்பு வழியாகத்தான் ஸ்டெம்செல்களை எடுக்கிறார்கள்.

9. பணம்

அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப்பணிப் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருக்கும். பலர் வருடக்கணக்கில் அதைக் கடந்து போவார்கள், உள்ளே நுழைவதில்லை. “பிச்சை கேட்பதா?” என்ற கூச்சம். முதல் மாதமே போங்கள். விலை கூடிய மருந்துகளுக்குச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். சமூக நல இலாகாவின் மாத உதவிக்கும் வழி சொல்வார்கள்.

வேலை செய்பவர்கள் வேலையை எடுத்த எடுப்பில் ராஜினாமா செய்துவிடாதீர்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தில் மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதம் சந்தா கட்டியவர் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறலாம். ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிச் சேமிப்பிலிருந்து கடும் நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம், பெற்றோர், பிள்ளைகள், துணைவருக்காகவும் எடுக்கலாம். ஆனால் அது ஓய்வுகாலப் பணம், கடைசியில் தொடுங்கள்.

புற்றுநோய் வகை என்றால் 1966-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் 1994-இல் தொடங்கிய மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றமும் உதவுகின்றன. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கு மேக்ஸ் குடும்பச் சங்கம் இருக்கிறது. தலசீமியாவுக்கும் ஹீமோபீலியாவுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. பணம் இல்லாவிட்டாலும் அங்கே போய் ஒரு முறை உட்காருங்கள். அதே மாத்திரையைப் பத்து ஆண்டாக விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவரை நேரில் பார்ப்பதற்கு இணையான ஆறுதல் வார்டில் கிடைக்காது.

10. நோட்டை யாரிடம் கொடுப்பது

ஒருவரே எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்தால் மூன்றாவது மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். நான் படுத்தேன். அதன் பிறகு கிளினிக்குக்கு ஒரு முறை நான், மறுமுறை தம்பி மனைவி என்று மாற்றிக்கொண்டோம். போய் வந்தவர் அன்று இரவே மூன்று வரி எழுத வேண்டும்: மருத்துவர் என்ன சொன்னார், எந்த மருந்து மாறியது, அடுத்த தேதி எது. போன வாரம் அவள் எழுதியதை இன்று காலையில் புரட்டினேன். பிளேட்லெட் 96. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், “அப்பாவிடம் 96 ஆயிரம் என்று சொல்லியாகிவிட்டது.”